பழைய ரிமோட் சாதனங்களை ஸ்மார்ட் வீட்டோடு இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஏசியை, "ஸ்மார்ட்" இல்லை என்ற ஒரே குறைக்காகத் தூக்கிப் போட எனக்கு மனம் வருவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. ரிமோட்டோடு வந்த சாதனம் எதுவானாலும், அந்த ரிமோட் பேசுவதை இன்னொரு கருவி அப்படியே பேசினால் அது கீழ்ப்படிந்துவிடும். மொத்த வேலையும் இவ்வளவுதான். ஆனால் தொடங்கும் முன்பே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: பழைய சாதனத்துக்குக் காது உண்டு, வாய் கிடையாது. நாம் சொன்னது காதில் விழுந்ததா என்று அது ஒருபோதும் சொல்லாது. கீழே வரும் பதில்களில் பல இந்தக் குறையைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

என் ரிமோட் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கைபேசியின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேராகக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதா நிறப் புள்ளி ஒன்று படபடவென்று மின்னினால் அது அகச்சிவப்பு ரிமோட். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைக் கேமராவின் சென்சார் பார்த்துவிடும். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும் என்பதால் முன்பக்கக் கேமராவில் பார்ப்பது நல்லது. அதிலும் தெரியாவிட்டால் அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம். அகச்சிவப்பு என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு ரிமோட்டை அதே கேமராவிடம் காட்டிப் பாருங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் குறை கேமராவில்தான்.

மின்னவே இல்லையென்றால், அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுத்துங்கள். அப்போதும் சாதனம் கேட்கிறதா? அப்படியானால் அது ரேடியோ அலையிலோ புளூடூத்திலோ இயங்குகிறது. பழைய டிவி, ஏசி, ஆம்ப்ளிஃபயர், டிவிடி பிளேயர், புரொஜெக்டர் ஆகியவை பெரும்பாலும் அகச்சிவப்புதான். மோட்டார் திரைச்சீலை, கேட், கராஜ் கதவு போன்றவை பெரும்பாலும் ரேடியோ.

அந்த மின்னலில் அப்படி என்னதான் இருக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிச் சிக்கல்கள் தாமாகவே விலகும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரிமோட்டின் முனையில் இருப்பது சுமார் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும் ஓர் எல்இடி. அறைக்குள் வெயிலும் விளக்கும் கூட அகச்சிவப்பைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்த வெள்ளத்தில் ரிமோட்டின் குரலைப் பிரித்துக் கேட்பதற்காக, எல்இடி வினாடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கும். சாதனத்தில் இருக்கும் ஏற்பி அந்த 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை மட்டுமே கவனிக்கும், மற்றதை எல்லாம் தள்ளிவிடும். எல்லா நிறுவனங்களுக்கும் 38 என்பதில்லை. பிலிப்ஸ் வகுத்த ஆர்சி-5 முறையில் அது 36. சோனியின் முறையில் 40.

செய்தி என்பது துடிப்பு எவ்வளவு நேரம் இருந்தது, எவ்வளவு நேரம் ஓய்ந்தது என்ற கணக்குதான். ஒரு பழைய ரிமோட்டை ஏற்பியின் முன் வைத்து அழுத்திப் பதிவைப் பார்த்தேன்: 9024, 4498, 571, 552, 568, 1683, 566, 557… எல்லாம் மைக்ரோ வினாடிகள். முதலில் 9 மில்லி வினாடி நீளத்துக்கு ஒரு துடிப்பு, அடுத்து நாலரை மில்லி வினாடி ஓய்வு. "கவனி" என்று அழைப்பது அது. அதன்பின் ஒவ்வொரு குறுந்துடிப்புக்கும் பிறகு ஓய்வு குட்டையாக இருந்தால் சுழியம், ஏறக்குறைய மூன்று மடங்கு நீண்டிருந்தால் ஒன்று. இது என்இசி எனப்படும், மிகப் பரவலாக வழங்கும் முறை. மொத்தம் 32 பிட்: சாதனத்தின் முகவரி 8, அதையே தலைகீழாக்கி (சுழியத்தை ஒன்றாகவும் ஒன்றைச் சுழியமாகவும் மாற்றி) 8, கட்டளை 8, அதையும் தலைகீழாக்கி 8. தலைகீழ்ப் பிரதி சரிபார்ப்பதற்காக. இரண்டும் பொருந்தாவிட்டால் சாதனம் அசையாது. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் முழுச் செய்தியும் திரும்பத் திரும்பப் போகாது. 108 மில்லி வினாடிக்கு ஒருமுறை "அதேதான்" என்று பொருள்படும் ஒரு சிறு குறியீடு மட்டும் போகும்.

அந்த எண்களின் வரிசையைப் பதிந்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது திரும்ப ஒளிரச் செய்யும் கருவியைத்தான் கடைகளில் ஐஆர் பிளாஸ்டர் என்று விற்கிறார்கள்.

ஏசி ரிமோட்டைக் கற்றுக்கொடுத்தால் குழம்புகிறதே, ஏன்?

டிவி ரிமோட் "ஒலியைக் கொஞ்சம் கூட்டு" என்று மட்டும் சொல்கிறது. ஏசி ரிமோட் அப்படியல்ல. நீங்கள் வெப்பநிலையை ஒரு படி உயர்த்தினால், பெரும்பாலான ஏசி ரிமோட்கள் "குளிர்விக்கும் நிலை, 25 டிகிரி, விசிறி நடுவேகம், காற்று மேலும் கீழும் அசையட்டும்" என்று முழு நிலவரத்தையும் ஒரே செய்தியாக அனுப்பும். அதனால்தான் அந்த ரிமோட்டில் மட்டும் திரை இருக்கிறது. நிலவரத்தை நினைவில் வைத்திருப்பது ரிமோட். ஏசி அதைக் கேட்டு நடக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே "+" பொத்தானைக் கற்றுக்கொடுப்பதில் பயனில்லை. நீங்கள் பதிவது "கூட்டு" என்ற கட்டளையை அல்ல, அந்த நொடியின் முழு நிலவரத்தை. நாளை அதை அனுப்பினால் ஏசி மறுபடி அதே 25-க்குத்தான் போகும். ஒவ்வொரு வெப்பநிலையையும் ஒவ்வொரு வேகத்தோடு தனித்தனியாகப் பதிவதும் முடியாத வேலை. கருவியின் செயலியில் உங்கள் ஏசியின் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே தொகுக்கப்பட்ட குறியீட்டுத் தொகுப்பைப் பயன்படுத்துவதே வழி. வீட்டிலேயே ஓடி எல்லாச் சாதனங்களையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டண்ட் என்ற மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு ஸ்மார்ட்ஐஆர் என்ற கூடுதல் தொகுப்பு உண்டு. சொந்தமாகக் கருவி செய்பவர்களுக்கு ஐஆர்ரிமோட்இஎஸ்பி8266 என்ற நிரல் நூலகம் பல ஏசி நிறுவனங்களின் மொழியை அறிந்து வைத்திருக்கிறது.

ஏசியின் இந்த வழக்கத்தில் ஒரு பெரிய நன்மையும் இருக்கிறது. "24 டிகிரி, குளிர்" என்பதை இரண்டு முறை அனுப்பினாலும் கெடுதல் ஒன்றுமில்லை; இரண்டாவது முறை எதுவும் மாறாது. சந்தேகம் இருந்தால் தயங்காமல் திரும்ப அனுப்பலாம்.

எந்தக் கருவியை வாங்குவது?

அகச்சிவப்பு மட்டும் போதுமென்றால் பிராட்லிங்க் ஆர்எம்4 மினி, சுவிட்ச்பாட் ஹப் மினி, டூயா என்ற நிறுவனத்தின் தளத்தில் இயங்கும் எண்ணற்ற சிறு கருவிகள் என்று நிறைய இருக்கின்றன. ரேடியோவும் வேண்டுமென்றால் ஆர்எம்4 புரோ போன்றவற்றுக்குப் போக வேண்டும். இவற்றில் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். முதல் நாளே "இணையவில்லை" என்று திகைப்பவர்களில் பலரின் கைபேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருப்பதுதான் காரணம்.

வாங்கும் முன் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றே: இந்தக் கருவி நிறுவனத்தின் சர்வர் இல்லாமலும் வேலை செய்யுமா? லாஜிடெக் நிறுவனம் ஹார்மனி ரிமோட்களின் தயாரிப்பை 2021-இல் நிறுத்தியது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்குச் சேவை தொடரும் என்று அறிவித்தது உண்மைதான். ஆனாலும் வீட்டின் விளக்கும் ஏசியும் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் முடிவைச் சார்ந்திருப்பது எவ்வளவு நிலையற்றது என்பதைப் பலரும் அன்று உணர்ந்தார்கள். பிராட்லிங்க் கருவிகளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே ஹோம் அசிஸ்டண்ட் இயக்க முடியும். அதற்கு, கருவியின் செயலியில் "சாதனத்தைப் பூட்டு" என்ற அமைப்பு அணைந்திருக்க வேண்டும்.

நானே செய்துகொள்ள முடியுமா?

முடியும், செய்து பாருங்கள் என்றே சொல்வேன். இஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள ஒரு சிறு கணினிப் பலகை, ஓர் அகச்சிவப்பு எல்இடி, ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு மின்தடைகள், ரிமோட்டைக் கேட்பதற்கு டிஎஸ்ஓபி38238 போன்ற ஓர் ஏற்பி. பலகையில் ஏற்றும் மென்பொருளுக்கு இஎஸ்பிஹோம் அல்லது டாஸ்மோட்டா. பலர் டிரான்சிஸ்டரை விட்டுவிட்டு எல்இடியைப் பலகையின் முள்ளில் (பின்) நேராகச் சொருகிவிடுகிறார்கள். மேசையில் வைத்துச் சோதித்தால் வேலை செய்யும். அறையின் மறுமூலையில் இருக்கும் ஏசிக்கு எட்டாது. முள்ளால் தர முடிவது சிறு மின்னோட்டம்தான். எல்இடி நன்றாக ஒளிர அதைப்போல் பல மடங்கு வேண்டும்.

கருவியை எங்கே வைப்பது?

அகச்சிவப்பும் ஒளிதான். சுவரைத் தாண்டாது, மூடிய மரக் கதவைத் தாண்டாது. கண்ணாடியைப் பெரும்பாலும் தாண்டும். வெள்ளைச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறித்துத் திரும்பவும் செய்யும். எனவே நேர்ப்பார்வை கட்டாயம் இல்லை. கருவியை இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுவதற்கு முன், இரண்டு நாள் வெறுமனே வைத்துப் பாருங்கள். பகலில் வெயில் நேராக விழும் ஏற்பி, மாலையில் கேட்ட கட்டளையை நண்பகலில் கேட்காமல் போகலாம்.

சாதனம் அலமாரிக்குள் இருந்தால், நீண்ட கம்பியின் நுனியில் சிறு எல்இடி பொருத்திய ஒட்டும் வகை உமிழி கிடைக்கிறது. அதைச் சாதனத்தின் ஏற்பி மீதே ஒட்டிவிடலாம்.

கற்றுக்கொடுத்த பொத்தான் சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை. என்ன செய்வது?

முதலில் ரிமோட்டின் பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரி சோர்ந்திருந்தால் குறியீடு பிழையோடு பதியலாம். ரிமோட்டைக் கருவிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைத்து, பொத்தானைச் சுருக்கமாகத் தட்டி எடுங்கள். நீட்டி அழுத்தினால் திரும்பத் திரும்ப வரும் குறியீடும் சேர்ந்து பதிந்துவிடும். பிறகு டிவி ஒலியை ஒரு படி கூட்டச் சொன்னால் நான்கு படி ஏறும்.

சோனி முறையில் ஒரே செய்தி குறைந்தது மூன்று முறை அடுத்தடுத்து வந்தால்தான் சாதனம் பொருட்படுத்தும். ஒருமுறை மட்டும் அனுப்பும்படி அமைத்திருந்தால் எதுவும் நடக்காது.

ஆர்சி-5 சாதனங்களில் இன்னொரு நுட்பம். ஒரே பொத்தானைத் தனித்தனியாக இருமுறை அழுத்தினால் ரிமோட் இரண்டு வெவ்வேறு குறியீடுகளை அனுப்பும். ஒரு பிட் மட்டும் மாறி மாறிச் சுழியமும் ஒன்றுமாக வரும். பொத்தானை விட்டு மறுபடி அழுத்தினார்களா, அல்லது விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறார்களா என்று சாதனம் பிரித்தறிவது இதை வைத்துத்தான். நீங்கள் ஒன்றை மட்டும் பதிந்து அதையே திரும்ப அனுப்பினால், இரண்டாவது அழுத்தலைச் சாதனம் புதிதாகக் கருதாமல் விட்டுவிடும். இரண்டையும் பதிந்து மாற்றி மாற்றி அனுப்புங்கள்.

சாதனம் ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா என்று வீட்டுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. நாம்தான் தெரியப்படுத்த வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

என்னிடம் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. அதன் ரிமோட்டில் மின்பொத்தான் ஒன்றே ஒன்று. அணைந்திருந்தால் எரியும், எரிந்தால் அணையும். இரவு 11 மணிக்கு எல்லாவற்றையும் அணைக்கும்படி ஓர் ஏற்பாடு செய்து, அதில் இந்தப் பொத்தானையும் சேர்த்திருந்தேன். சில வாரம் ஒழுங்காக நடந்தது. ஓர் இரவு படுக்கப் போகும்போது நானே கையால் அணைத்துவிட்டேன். பதினொன்றுக்கு வீடு தன் கடமையைச் செய்தது, ஆம்ப்ளிஃபயர் விழித்துக்கொண்டது. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது. செயலியில் பார்த்தால் "அணைந்துள்ளது" என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது. அனுப்பியதைத்தான் அது காட்டுகிறது, நடந்ததை அல்ல என்பது அன்றுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் வழிகளைச் சொல்கிறேன். முதலில், தனித்தனிக் குறியீடு இருக்கிறதா என்று தேடுங்கள். ரிமோட்டில் ஒரே பொத்தான் இருந்தாலும், பல டிவிகளும் ஆம்ப்ளிஃபயர்களும் "எரி" என்பதற்கு ஒன்றும் "அணை" என்பதற்கு ஒன்றுமாகத் தனிக் குறியீடுகளை உள்ளுக்குள் அறிந்திருக்கும். அந்த மாடலின் குறியீட்டுப் பட்டியல் கிடைத்தால் சிக்கல் அங்கேயே தீர்ந்தது.

அது இல்லையென்றால், மின்சாரத்தை அளக்கும் ஸ்மார்ட் பிளக்கை இடையில் மாட்டுங்கள். அணைப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு. என் ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது 30 வாட்டுக்கு மேல் இழுக்கும். அணைந்திருந்தால் ஒரு வாட் கூட இல்லை. 10 வாட்டைக் கோடாக வைத்து, அதற்கு மேல் இருந்தால் மட்டுமே மின்பொத்தானின் குறியீட்டை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பின் அது இரவில் விழித்ததில்லை.

ஏசிக்கு இப்படி மின்சாரத்தை அளப்பதை விட எளிய வழி, காற்று வெளிவரும் வாயருகே ஒரு வெப்பநிலை சென்சார். குளிர்விக்கச் சொல்லிப் பத்து நிமிடம் ஆகியும் அங்கே வெப்பம் இறங்கவில்லை என்றால் கட்டளை போய்ச் சேரவில்லை. திரும்ப அனுப்பச் செய்யலாம். டிவிக்கு, எச்டிஎம்ஐ வழியே சாதனங்கள் ஒன்றோடொன்று பேசும் சிஇசி வசதி இருந்தால், அது நிலையையும் சொல்லும். பழைய டிவிகளிலும் பலவற்றில் இது வேறு வேறு வணிகப் பெயர்களில் அமைப்புப் பட்டியலில் ஒளிந்திருக்கிறது.

ஸ்மார்ட் பிளக் மட்டும் மாட்டி அணைத்து எரித்தால் போதாதா?

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். சாதனத்தை ஓடவிட்டுப் பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள். தானாகவே மறுபடி ஓடத் தொடங்கினால் பிளக் போதும். ரிமோட் உள்ள சாதனங்கள் பலவும் ஓடாமல் காத்திருப்பு நிலையிலேயே நிற்கும், அவற்றுக்குப் போதாது.

ஏசியை இப்படி அணைக்கவே கூடாது. ஓடும் கம்ப்ரசரின் மின்சாரத்தைத் திடீரென்று வெட்டுவது அதற்கு நல்லதல்ல. சாதாரண 10 ஆம்பியர் பிளக் ஏசியின் சுமையைத் தாங்கவும் தாங்காது.

ரேடியோ ரிமோட்டையும் இதேபோல் பதிய முடியுமா?

சிலவற்றை முடியும். உலகின் பல பகுதிகளில் 433.92 மெகாஹெர்ட்ஸும், வேறு சில இடங்களில் 315 மெகாஹெர்ட்ஸும் வழக்கத்தில் உள்ளன. பிடி2262, இவி1527 போன்ற சிப்புகளில் இயங்கும் மலிவான ரிமோட்கள் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பும். அவற்றைப் பதியலாம்.

கராஜ் கதவு, கார் சாவி போன்றவற்றில் பெரும்பாலும் குறியீடு ஒவ்வோர் அழுத்தலுக்கும் மாறும். நேற்றுப் பதிந்தது இன்று செல்லாது. திருடன் பதிந்து திரும்ப அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதை உடைக்க முயல வேண்டாம். சுவரில் இருக்கும் பொத்தானுக்கு இணையாக ஒரு ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), கதவு உண்மையில் மூடியிருக்கிறதா என்று சொல்லும் ஒரு சென்சாரும் பொருத்துவதே முறையான வழி. சோம்ஃபி ஆர்டிஎஸ் திரைச்சீலைகளும் இந்த மாறும் குறியீட்டு வகைதான். போதாததற்கு அவை 433.42-இல் பேசுகின்றன. 433.92-க்கு இசைத்த கருவி அதைச் சரியாகக் கேட்காது.

புளூடூத் ரிமோட்?

ஐஆர் பிளாஸ்டரால் முடியாது. அந்தச் சாதனங்களில் பல வைஃபையிலும் இருக்கும் என்பதால், பெரும்பாலும் நெட்வொர்க் வழியாகவே நேராக இணைத்துவிடலாம்.

அலெக்சா, கூகுள் ஹோம், மேட்டர்?

பிளாஸ்டரின் செயலியை அலெக்சாவோடோ கூகுள் ஹோமோடோ இணைத்தால் குரலால் இயக்கலாம். வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்மார்ட் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொதுத்தரத்தைப் பழைய சாதனம் நேராகப் பேசாது. நடுவில் இருக்கும் ஹப் (சாதனங்களை இணைக்கும் மையக் கருவி) அதன் சார்பில் பேச வேண்டும். வாங்கும் முன், ஹப் மேட்டரை ஆதரிக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், அகச்சிவப்புச் சாதனங்களில் எவற்றை மேட்டருக்கு வெளிப்படுத்துகிறது என்றும் பாருங்கள்.

ஹீட்டருக்கும் ரிமோட் இருக்கிறது. அதையும் சேர்க்கலாமா?

ஆள் இல்லாதபோது எரிய வைக்கும் ஏற்பாட்டில் சேர்க்க வேண்டாம். மேலே சொன்ன ஆம்ப்ளிஃபயர் தவறுதலாக எரிந்தபோது ஒரு குழந்தை விழித்தது, அவ்வளவோடு போயிற்று. திரைச்சீலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஹீட்டர் தவறுதலாக எரிந்தால் நிலைமை வேறு. அணைப்பதற்கு மட்டும் சேர்ப்பதென்றாலும், அதற்கெனத் தனி "அணை" குறியீடு இருக்கிறதென்று உறுதியானால் மட்டுமே.

வீட்டில் மற்றவர்கள் பழைய ரிமோட்டைத்தான் எடுக்கிறார்கள். தடுப்பது எப்படி?

தடுக்காதீர்கள். வயதான ஒருவர் இருபது ஆண்டுப் பழக்கத்தில் மேசை மீது கைநீட்டி எடுக்கும் ரிமோட்டைப் பிடுங்கி வைப்பது நியாயமில்லை. ரிமோட் எப்போதும் வேலை செய்ய வேண்டும். கைபேசியும் குரலும் அதற்கு மேல் கூடுதலாக வருபவை.

அவர்கள் அழுத்துவது வீட்டுக்குத் தெரிந்தால் போதும். சொந்தமாகச் செய்த கருவியில் ஏற்பி இருந்தால் அது அனுப்புவதோடு கேட்கவும் செய்யும். ஏசி ரிமோட்டில் யாரோ 26 என்று வைத்தால், ஏசி கேட்கும் அதே நொடியில் கருவியும் கேட்டு, செயலியில் 26 என்று மாற்றிக்கொள்ளும். இஎஸ்பிஹோமில் பல ஏசி வகைகளுக்கு இதற்கான வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஏற்பியை எந்த முள்ளில் இணைத்தீர்கள் என்று சொல்லி, ஏசி பகுதியில் அதைக் குறிப்பிட்டால் போதும். ஏற்பியை மட்டும் ஏசிக்குக் கீழே, ரிமோட்டை நீட்டும் திசையில் வையுங்கள். அறையின் வேறு மூலையில் வைத்தால் பாதி அழுத்தல்களைத் தவறவிட்டுவிடும்.